வெளித் தாழ்ப்பாள்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே மோட்டார் மக்கர் பண்ணிவிட்டது. ஆவுடை பக்கத்து வீட்டில் இரண்டு குடம் தண்ணீர் வாங்கி வந்தாள். என்னவோ நான்தான் பூமிக்குள் இறங்கி ஊற்றை அடைத்துவிட்டு வந்தேன் என்கிற மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லியாயிற்று. நாளைக்கு வருகிறானாம். அவனுடைய நாளை எது என்று அவனைப் பெற்றவளுக்கே தெரியாது.

பல்கலைக்கழகத்தில் சுதந்திர தின அணிவகுப்புக்குப் பயிற்சி தொடங்கினேன். என் கீழே இருக்கும் காவலர்கள் எல்லாரும் ஏஜென்சி அனுப்பிய ஆட்கள். பாதிப் பேர் வயிற்றைப் பார்த்தால் பந்திக்கு வந்த மாதிரி இருக்கிறது. அதிலும் இந்தத் தொம்மை இருக்கிறானே! கடற்கரைக்காரன். குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிறகு வலை இழுக்க முடியாமல் இங்கே வந்து சேர்ந்தவன். லெஃப்ட் என்றால் வலது காலைத் தூக்குகிறான். திட்டினால் பல்லைக் காட்டுகிறான். “தரை ஆடாம இருந்தா எனக்குக் கால் ஓடாது ஏட்டையா” என்கிறான். சிரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு.

ஏட்டையா என்பது என்னைத்தான். ஏட்டாக இருந்தது ஒரு காலம். சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவன் நான். சொன்னால் எவனுக்கும் ஏறவில்லை.

அலுவலகத்திலிருந்து இன்னொரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. தனியார் காவலில் இருப்பவர்கள் போலீஸ் சாயலில் உடை உடுத்துவது சட்டப்படி தவறாம். யாரைக் குத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? நான் உடுத்துவது காக்கி இல்லை, மண் நிறம். ஜவுளிக்கடையில் கேட்டுத்தான் எடுத்தேன். காவல் நிலையத்தில் ரைட்டராக உட்கார்ந்து ஊர்ப்பட்ட வாக்குமூலம் எழுதிய பிரமநாயகம் நீலச் சட்டை போட்டுக்கொண்டு ஏ.டி.எம். வாசலில் குந்தியிருக்க வேண்டுமாக்கும். பையன்கள் என்னைக் கேம்பஸ் போலீஸ் என்கிறார்கள். நானாகச் சொல்லிக்கொண்டதில்லை. அவர்கள் சொல்வதைத் திருத்துவது என் வேலையும் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

விடுதியில் ஒரு பையனுடைய லேப்டாப்பைக் காணவில்லை. கேமராவைப் போட்டுப் பார்த்தேன். அவனோடு ஒரே அறையில் இருக்கும் நவநீதன், மதியம் வகுப்புக்குப் போகாமல் பையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டுகிறான். மூன்றாம் வருடம், மெக்கானிக்கல். சாயங்காலம் திரும்பி வரும்போது வாசலிலேயே மடக்கிவிட்டேன். அழுக்குத் துணியை வெளுக்கப் போட்டேன் என்றான். எல்லாக் களவாணியும் முதலில் இப்படித்தான் ஏதாவது துணி, மருந்து என்று ஆரம்பிப்பான்.

வாசலுக்கு மேலே மாடியில் இருக்கிற காவல் அறையில் வைத்து இரண்டு கேள்வி கேட்டேன். நல்லபடியாகத்தான் கேட்டேன். பையன் அழுத்தக்காரன். “நீங்க போலீஸ் இல்லல்லா, ஒங்களுக்கு நா ஏன் பதில் சொல்லணும்?” என்று என் முகத்தைப் பார்த்தே கேட்டான். அதற்கு மேல் நான் அதிகம் பேசவில்லை.

எங்கள் வளாகத்தில் ஒரு வழக்கம் உண்டு. என்ன நடந்தாலும் பதிவாளர் அனுமதி இல்லாமல் போலீஸுக்குச் சொல்லக் கூடாது. மாட்டியவன் மன்னிப்புக் கடிதம் எழுதுவான், பதிவாளர் படிப்பார், பிறகுதான் மற்றது. இது எனக்கு முன்பிருந்தே இப்படித்தான். பதிவாளர் சென்னையில் இருக்கிறார், காலையில்தான் வருகிறார். கடிதம் எழுத மாட்டேன் என்று பையன் முறுக்கிக்கொண்டதால் அதுவரை அங்கேயே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். போனை வாங்கி மேசையில் வைத்தாயிற்று. தொம்மையைக் காவலுக்கு வைத்து, பரோட்டா வாங்கிக் கொடுக்கவும் சொன்னேன். கதவைப் பூட்டவில்லை. வெளித் தாழ்ப்பாள் மட்டும்தான்.

ஆவுடை முருங்கைக்கீரை பொரியல் வைத்திருந்தாள். நன்றாகச் சாப்பிட்டேன். வலது உள்ளங்கை எரிகிறது. காலையில் மோட்டார் மூடியைக் கழற்றியபோது பட்டிருக்கும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

விடியும் நேரத்தில் நவநீதன் காவல் அறையை ஒட்டிய குளியலறையின் ஜன்னல் வழியாக இறங்கப் பார்த்து விழுந்துவிட்டான். இரவு தூறல். சன்ஷேடு வழுக்கியிருக்கிறது. தலையில் அடி. பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், உயிர் இருக்கிறது.

யார் இவனை இறங்கச் சொன்னது? கொஞ்சம் பொறுத்திருந்தால் பதிவாளர் வந்திருப்பார். ஒரு கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டு அவன்பாட்டுக்குப் போயிருக்கலாம்.

எலக்ட்ரீஷியன் இன்றும் வரவில்லை. ஆவுடை என்னோடு பேசுவதில்லை. ஒரு மோட்டாருக்கு இவ்வளவு வீராப்பா?

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்ஸ்பெக்டர் ஜோதிலிங்கம் விசாரணைக்கு வந்தான். கான்ஸ்டபிளாக என்னிடம் வந்து சேர்ந்தவன். எஃப்.ஐ.ஆர். எழுதக் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பிறகு பரீட்சை எழுதி எஸ்.ஐ.யாகி மேலே போய்விட்டான். இன்றைக்கும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறான். ஆனால் என் நாற்காலியில் அவன் உட்கார்ந்தான், எதிரே இருந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன்.

என்ன அதிகாரத்தில் பையனை வைத்திருந்தீர்கள் என்று கேட்டான். பாதுகாப்பு அதிகாரி என்கிற அதிகாரத்தில் என்றேன். தலையைச் சொறிந்துகொண்டான்.

“அண்ணாச்சி, கண்ணு முன்னால குத்தம் செஞ்சவன யாரு வேணும்னாலும் புடிக்கலாம். பால்காரனும் புடிக்கலாம், நீங்களும் புடிக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள்ள ஸ்டேஷன்ல ஒப்படைச்சிரணும். அவ்வளவுதான் சட்டம். அவன் ஒங்க கண்ணு முன்னால களவாண்டானா?”

கேமராவில் பார்த்தேன் என்றேன்.

“கேமராவுல பையத்தான பாத்திய? பைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு பாத்தியளா? பாருங்க, ஒங்களுக்கும் பால்காரனுக்கும் சட்டத்துல ஒரு வித்தியாசமும் கெடையாது. ரிட்டயர்டு ஆன அன்னைக்கே அது போச்சு.”

பால்காரன்! யாரிடம் பாடம் படித்தவன் யாருக்கு வகுப்பெடுக்கிறான் பாருங்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டீ வாங்கி வரச் சொன்னேன். இரவில் எனக்கு எந்தத் தகவலும் வரவில்லை, போனை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

போகும்போது ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதீர்கள் என்றான். பையனுடைய அம்மா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து வராந்தாவிலேயே கிடக்கிறாளாம். அப்பா இல்லாத பையனாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மதியம் நவநீதன் இறந்துவிட்டான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

லேப்டாப் கிடைத்துவிட்டது. பறிகொடுத்ததாகச் சொன்ன பையனே போன வாரம் அவன் சித்தப்பா வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வளாகத்தில் மாணவர்கள் மறியல். வாசலில் என் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். பின்வாசல் வழியாக என்னை நிர்வாகக் கட்டடத்துக்குக் கூட்டிப் போனார்கள். பதிவாளரும் சட்ட ஆலோசகரும் இருந்தார்கள். காபி வந்தது.

வக்கீல் நிதானமான ஆள். குரலே உயரவில்லை. சட்டத்தின் முன்னால் இந்தப் பல்கலைக்கழகத்தில் காவல் படை என்று எதுவும் கிடையாது என்றார். காவலர்கள் ஏஜென்சியின் ஆட்கள். என்னை வேலைக்கு எடுத்த உத்தரவில் ஆலோசகர் என்றுதான் இருக்கிறதாம். அதிகாரி என்று எங்கும் இல்லையாம். என் அறை வாசலில் மாட்டியிருந்த பாதுகாப்பு அதிகாரி என்கிற பலகையை நேற்றே கழற்றிவிட்டார்கள். வரும்போது சுவரில் ஆணிக் குழி மட்டும் தெரிந்தது.

பிறகு விஷயத்துக்கு வந்தார். அந்த இரவு அறைக்கு வெளியே இருந்தவன் தொம்மை ஒருவன்தான். கதவு அவன் பொறுப்பு. அவனே நடந்ததை ஒப்புக்கொண்டு ஒரு விளக்கக் கடிதம் கொடுத்துவிட்டால் விஷயம் ஒருவனோடு முடிந்துவிடும் என்றார். போலீஸிடம் ஒப்புக்கொண்டால் கோர்ட்டில் செல்லாதே என்று பதிவாளர் கேட்டார். வக்கீல் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“போலீஸ்கிட்ட சொன்னாத்தான் சார் செல்லாது. இவர் போலீஸ் இல்லையே. இவர்கிட்ட சொன்னா செல்லும்.”

எனக்கு இது தெரியாத சட்டமில்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் ராவும் பகலும் எழுதி வாங்கிய ஒப்புதல் வாக்குமூலம் எல்லாம் கோர்ட்டில் குப்பையாகப் போனதைப் பார்த்தவன். போலீஸ் என்கிற ஒரே காரணத்துக்காக நாங்கள் வாங்கியது எதுவும் நிற்காது. இப்போது நான் போலீஸ் இல்லை. அதனால் நான் வாங்கினால் நிற்குமாம்.

ஆசை காட்டியோ மிரட்டியோ வாங்கியதாக இருக்கக் கூடாது, அவனாக வந்து மனம் விட்டுச் சொன்னதாக இருக்க வேண்டும் என்று எனக்கே சொல்லித் தந்தார். இல்லாவிட்டால் எல்லாருமே சிக்க வேண்டியிருக்கும், முதலில் நீங்கள்தான் என்றும் சொன்னார். அதையும் அதே நிதானத்தோடுதான் சொன்னார்.

இந்த வயதில் ஜெயிலுக்குப் போவதா? நான் உள்ளே தள்ளியவர்கள் நடுவில் போய்ப் படுப்பதா? பயமாக இருக்கிறது. இங்கே எழுதுவதில் என்ன வந்தது, பயமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 13, புதன்

தொம்மையைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். உட்கார மாட்டேன் என்று நின்றான். முகம் வற்றிப் போயிருந்தது. கண்ணை மூடினால் அந்தப் பையன் விழுந்த சத்தம் கேட்கிறது என்றான். அவன் பெண்டாட்டி ஜெயசீலி மாதா கோயிலில் பையனுக்காக மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாளாம்.

நிர்வாகத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, நீங்கள் சொல்லுங்கள், எழுதுகிறேன் என்றான். காகிதத்தின் மேலே ஒரு சிலுவை போட்டுக்கொண்டு ஆரம்பித்தான்.

தூக்கத்திலும் என்னால் செய்ய முடிகிற வேலை இது. ‘நான் என் சுய நினைவுடனும், யாருடைய தூண்டுதலும் இன்றி என் சொந்த விருப்பத்தின் பேரிலும்’ என்று தொடங்கினேன். தொம்மை நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான். ‘கோபத்தில் மேற்படி மாணவனைக் கன்னத்தில் அறைந்து, அறையில் வைத்துத் தாழிட்டு’ என்று வந்தபோது பேனா நின்றது.

“நா அவன் மேல கை வைக்கலியே ஏட்டையா.”

நான் விளக்கிச் சொன்னேன். இது நிர்வாகத்துக்குள்ளேயே இருக்கும் கடிதம். நீ ஏஜென்சி ஆள். வேலையை விட்டு நிறுத்துவார்கள், அதோடு கதை முடிந்தது. என் பெயர் வந்தால் ரிட்டயர்டு போலீஸ் அடித்துக் கொன்றான் என்று பத்திரிகைக்காரன் வருவான், டி.வி.க்காரன் வருவான், எல்லாருமே மாட்டிக்கொள்வோம். ஜெயசீலிக்கு விடுதி மெஸ்ஸில் வேலை வாங்கித் தருவது என் பொறுப்பு. நான் ஒருவன் வெளியே இருந்தால்தான் உனக்கு ஆள், உள்ளே போனால் உனக்கு யார் இருக்கிறார்கள்? இப்படி அடுக்கிக்கொண்டே போனேன். என் குரல் எனக்கே கேட்டது. ரொம்ப அன்பாக இருந்தது.

ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டான்.

“ராத்திரி நா ஒங்களுக்கு போன் போட்டேன்லா. காதுல ரத்தம் வருதுன்னு பையன் அழுவுதான், கதவத் தொறந்துரட்டான்னு கேட்டேன்லா. அதையும் எழுதணுமா?”

“அது வேண்டாம்” என்றேன்.

அதை விட்டுவிட்டு மிச்சத்தை எழுதினான். தேதி போட்டான், கையெழுத்துப் போட்டான். யாராவது கேட்டால் நீயாகத்தான் எழுதினாய் என்று சொல்ல வேண்டும் என்றேன். சரி என்றான்.

வீட்டில் புது மோட்டார் வந்து தண்ணீர் ஏறுகிறது. ஆவுடை இன்னும் பேசவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நேற்று சாயங்காலம் தொம்மையைக் கைது செய்துவிட்டார்கள். அடைத்து வைத்தது, மரணத்துக்குக் காரணமானது என்று இரண்டு மூன்று பிரிவுகள். கடிதத்தைப் பல்கலைக்கழகமே ஸ்டேஷனுக்கு அனுப்பியிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியாதா என்றால், தெரியும்.

கொடியேற்றம் நடந்தது. மாணவர்கள் யாரும் வரவில்லை. காவலர்கள் அணிவகுத்தார்கள். எல்லாரும் கால் மாற்றாமல் நடந்தார்கள். மிட்டாய் கொடுத்தார்கள், வாங்கி வந்து மேசையில் வைத்தேன். ஆவுடை அதை எடுத்து எறும்புக்குப் போட்டுவிட்டாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஜோதிலிங்கம் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னான். பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்திருக்கிறது. இடது காதுச் சவ்வு கிழிந்திருக்கிறது, அது விழுந்ததால் ஏற்பட்ட காயம் இல்லை என்று டாக்டர் எழுதியிருக்கிறார். கான்ஸ்டபிளை வெளியே போகச் சொல்லிவிட்டு மெதுவாகப் பேசினான்.

“உள்ளங்கையக் குழிச்சு காதுல வைக்கணும், வெளிய ஒரு தடம் தெரியாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான் அண்ணாச்சி. மீன் புடிக்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்?”

வலது கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன்.

தொம்மை போனிலிருந்து அந்த இரவு எனக்கு ஒரு அழைப்பு வந்திருக்கிறது, எடுத்தும் பேசியிருக்கிறேன், அது கம்பெனிக்காரன் கொடுத்த விவரத்தில் இருக்கிறது என்றான். அதைப் பற்றி நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம் என்றான். கடிதம் இருக்கிறது, மேலேயும் அதுதான் போதும் என்கிறார்கள். மாஜிஸ்திரேட் முன்னால் நான் சாட்சி சொன்னால் போதும். தொம்மை என்னிடம் வந்து அழுது ஒப்புக்கொண்டான் என்று சொல்ல வேண்டும். வேலையில் இருந்த காலத்தில் எத்தனை சாட்சிகளைத் தயார்படுத்தியிருக்கிறேன். இன்று என்னை ஒருவன் தயார்படுத்தினான். நன்றாகவே செய்தான்.

ஆகஸ்ட் 23, சனி

ஜெயசீலி வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்துக் கதவருகிலேயே நின்றேன். அவள் சிறைக்குள் போர்வை கொடுத்தால் வாங்குவார்களா, மனு எப்படிப் போட வேண்டும் என்று கேட்டாள். உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும், கூட வாருங்கள் ஏட்டையா என்று கும்பிட்டாள். ஆவுடை உள்ளேயிருந்து வந்து, சட்டையை எடுத்து என் கையில் கொடுத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. போனேன்.

கிளைச் சிறையில் கம்பிக்கு அந்தப் பக்கம் தொம்மை நின்றான். என்னைப் பார்த்ததும் விறைத்து சல்யூட் வைத்தான். பக்கத்தில் நின்ற வார்டன் சிரித்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

இலவச வக்கீல் ஒருவர் வந்து, யார் சொல்லி எழுதினாய் என்று துருவித் துருவிக் கேட்டாராம். நானாகத்தான் எழுதினேன் என்று சொல்லிவிட்டானாம். ஜெயசீலி அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, கம்பியருகே முகத்தைக் கொண்டுவந்தான்.

“நீங்க சொன்னபடிதான் சொல்லிருக்கேன். சரியா எழுதிருக்கேன்லா ஏட்டையா? எதும் தப்பு இல்லியே? ஏன் இன்னும் விட மாட்டேங்காவ?”

“சரியாத்தான் எழுதிருக்க” என்றேன்.

பஸ்ஸில் ஜெயசீலி எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள். வெட்கமாக இருந்தது. செத்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து குளித்தேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. ஆவுடை கொழுக்கட்டை செய்யவில்லை. நானும் கேட்கவில்லை. நாளைக்கு மாஜிஸ்திரேட் முன்னால் சாட்சி சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியது எல்லாம் மனப்பாடமாக இருக்கிறது. சட்டை தேய்க்கக் கொடுத்திருக்கிறேன், வெள்ளைச் சட்டை.

ஆகஸ்ட் 28, வியாழன்

மாஜிஸ்திரேட் அம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். என்னைக் கூட்டி வந்த கான்ஸ்டபிளை அறையை விட்டு மட்டுமில்லை, வராந்தாவை விட்டே வெளியே போகச் சொன்னார். போலீஸ் யாராவது இப்படிச் சொல் என்று சொல்லித் தந்து அனுப்பினார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். இந்தக் கேள்வி வரும், இல்லை என்று சொல்ல வேண்டும் என்று நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

தொம்மை உங்களிடம் என்ன சொன்னார், அவர் சொன்ன வார்த்தையிலேயே சொல்லுங்கள் என்றார்.

அவன் சொன்ன வார்த்தை. அதை நினைத்துப் பார்த்தேன். எனக்குள் இருந்ததெல்லாம் நான் சொன்னவைதான். மனப்பாடம் செய்தது அத்தனையும் என் தமிழ். ‘சுய நினைவுடனும்’ என்று தொம்மை சொல்வானா? அவனுக்கு மேற்படி என்றால் என்னவென்று தெரியுமா? அவன் சொன்னது என்று என் நெஞ்சில் இருந்தது இரண்டே இரண்டுதான். கை வைக்கவில்லை என்றது ஒன்று, கதவைத் திறக்கட்டுமா என்றது இன்னொன்று.

“அவன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலம்மா. நாந்தான் அவனுக்குச் சொன்னேன்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நீங்கள் சாட்சியாக வந்திருக்கிறீர்கள், இதற்கு மேல் பேசினால் குற்றம் சாட்டப்பட்டவராக ஆக நேரும் என்றார். சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் உங்களுக்கு இல்லை, சொன்னால் அது உங்களுக்கு எதிராகவே நிற்கும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நாளைக் காலை வரை யோசித்துவிட்டு வாருங்கள், அதுவரை போலீஸ் யாரும் உங்களை அணுகக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

உத்தரவையும் மீறி ஜோதிலிங்கம் வேறு யாருடைய போனிலிருந்தோ பேசினான். கோபப்படவில்லை, கெஞ்சினான். பென்ஷன் போகும், பெயர் போகும், ஸ்டேஷன் முழுக்க நாறும், என்னையும் சேர்த்துக் கேட்பார்கள் அண்ணாச்சி என்றான். தொம்மையே ஒப்புக்கொண்டபிறகு உங்களுக்கு என்ன வந்தது என்றான். போனை வைத்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த அம்மா நான் சொல்லச் சொல்ல எழுதினார். ஒரு வார்த்தை கூட்டவில்லை. முடித்துப் படித்துக் காட்டியபோது அரைப் பக்கம்கூட வரவில்லை. நான் எழுதிய வாக்குமூலம் எதுவும் நாலு பக்கத்துக்குக் குறைந்ததில்லை. நீங்கள் போலீஸ் இல்லையே என்றான், ஆத்திரத்தில் காதில் அடித்தேன். அறையில் விட்டு வெளியே தாழிட்டேன். தொம்மை போனில் கேட்டபோது திறக்க வேண்டாம் என்றேன். ஆசை காட்டிக் கடிதம் எழுத வைத்தேன். இவ்வளவுதான். கையெழுத்துப் போட்டேன்.

ஜோதிலிங்கம் ஆளை அனுப்பி, வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறான். சாயங்காலத்துக்குள் வருவார்கள். தொம்மையை விடுவதற்கு இன்னும் நாளாகும் என்று கோர்ட்டில் ஒரு வக்கீல் சொன்னார். ஒருவனை உள்ளே வைக்க ஒரு கடிதம் போதும், வெளியே எடுக்க ஏகப்பட்ட காகிதம் வேண்டும். நவநீதனை எடுக்க எந்தக் காகிதமும் இல்லை.

ஆவுடை இரண்டு லுங்கி, துண்டு, பிரஷர் மாத்திரை எல்லாம் ஒரு பையில் எடுத்து வைத்தாள். சோறு போட்டாள். மாஜிஸ்திரேட்டிடம் சொன்னதை எல்லாம் அவளிடமும் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டாள். ரசம் ஊற்றும்போது, இத்தனை நாளைக்கு அப்புறம் பேசினாள்.

“அன்னைக்கு போன் வந்தப்போ நா முழிச்சுத்தான் கெடந்தேன். தொறக்க வேண்டாம்னு மட்டுமா நீங்க சொன்னிய? நா கேட்டுக்கிட்டுத்தான கெடந்தேன். எந்திரிச்சு ஒங்க கையில இருந்து போனப் புடுங்காமப் போனேனே, பாவி.”

அவள் அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். நான் கையை உதறிவிட்டு எழுந்து வந்து இதை எழுதுகிறேன். வாசலில் ஜீப் நிற்கிற சத்தம் கேட்கிறது.

மாஜிஸ்திரேட்டிடம் நான் சொல்லாத ஒரு வார்த்தை இருக்கிறது. வேண்டாம் என்பதற்கு முன்னால் அதைச் சொன்னேன். காதில் ரத்தம் வருகிறது என்று பையன் அழுகிறான் என்று தொம்மை சொன்னான். நான், “அழட்டும்” என்றேன்.